போட்டோவில் நாலாவது ஆள்

மலாக்கா மாநிலத்தில் குலை லோரி அண்ணனோடு ஒரு தடவையாவது சண்டை போடாத ஆள் யாராவது இருந்தால், அந்த வருடங்களில் அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்திருக்க வேண்டும். உள்ளூரில் இருந்துகொண்டு தப்பித்தவர் யாரும் கிடையாது. தோட்ட மானேஜர், ஆலையில் எடை போடுகிறவர், கோயில் தலைவர், செலண்டார் முச்சந்தியில் ரொட்டி சானாய் போடுகிறவர், போக்குவரத்துப் போலீஸ்காரர் எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. நானும் உண்டு.

அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மிச்ச நேரத்தில் கோலாலம்பூர் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு வட்டார நிருபர். அதாவது கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, யாராவது செத்துப் போனால் இரங்கல். ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். குட்டை, ஒல்லி. சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை. குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். கையில் எங்கள் நாளிதழ்.

"இந்த லோரி கவுந்த நியூஸ் நீ எழுதினதா தங்கச்சி?"

ஆமாம் என்றேன்.

"கவுந்த லோரி என்னுது. கவுந்துச்சு. அத இல்லேன்னு சொல்லல. 'செலண்டார் அருகே ஒரு தோட்டத்தில்'னு போட்டிருக்கியே, அது என்னா ஒரு தோட்டம்? எங்க தோட்டத்துக்குப் பேரு இல்லையா? நாங்கல்லாம் பேரு இல்லாத எடத்துலயா பொறந்தோம்?"

ஊரில் மற்றவர்கள் எல்லாம் தங்கள் பேர் பேப்பரில் வந்துவிட்டதே என்று சண்டைக்கு வருவார்கள். பேர் வரவில்லையே என்று, அதுவும் லோரி கவிழ்ந்த செய்தியில் வரவில்லையே என்று வந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன். வக்கீல் எழுந்து வந்து சமாதானம் பேசினார். வக்கீலுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. போகும்போது வாசலில் திரும்பி, "ஒன்பதாங்கட்டைத் தோட்டம். எழுதி வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்திலிருந்து, பாமாயில் பிழிகிற செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவது அவர் வேலை. அதனால் குலை லோரி அண்ணன். இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். தோட்டத்து ரக்பி குழுவுக்கு அவர்தான் தலைவர், பயிற்றுநர், பொருளாளர், டிரைவர். பட்டாளத்தில் சில வருடம் வண்டி ஓட்டியபோது இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறார். ஊர் முழுக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் முட்டை வடிவப் பந்தோடு வந்து இறங்கினார்.

"ஃபுட்பால்ல ஒருத்தன் பந்த எடுத்துக்கிட்டு ஓடுவான். நாம பின்னாலயே பராக்குப் பாத்துக்கிட்டு ஓடணும். கைய வச்சா விசில். இதுல, பந்து வச்சிருக்கறவன கட்டிப் புடிச்சுக் கீழ சாய்க்கலாம்னு சட்டமே இருக்குடா. நம்ம ஆளுங்களுக்குன்னே பண்ணின வெளயாட்டு" என்பது அவருடைய வாதம்.

பையன்கள் கிடைத்தார்கள். பாதிப் பேர் குலை ஏற்றுகிறவர்கள், மீதிப் பேர் பேக்டரி பஸ் ஏறிப் புக்கிட் ரம்பாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள். ரக்பியில் ஒரு கட்டம் வரும். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்துகொண்டு, எதிரே அதே மாதிரி நிற்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். அதைப் பழக டவுன் கிளப்பில் இரும்பில் ஒரு சாதனம் வைத்திருந்தார்கள். அண்ணனிடம் லோரி இருந்தது. அதன் ஸ்டார்ட்டர் கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. தினமும் சாயங்காலம் எட்டுப் பேர் தள்ளினால்தான் உறுமும். சிம்பாங் அம்பாட்டில் ஒரு மெக்கானிக், பாவம், நல்ல மனசோடு சும்மாவே சரிசெய்து தருகிறேன் என்றார். அவரோடும் சண்டை.

"ஸ்டார்ட்டர் போட்டுட்டா எம் பசங்க எதத் தள்ளுவாங்க? ஒன் கடையையா?"

இந்தக் குழு மாநிலக் கிண்ணப் போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அன்றும் அந்த விளையாட்டு புரியவில்லை, இன்றும் புரியவில்லை. எதிரில் டவுன் கிளப். வக்கீல்கள், வங்கி அதிகாரிகள், ஆசிரியர்கள். ஆட்டத்துக்கு முன்னால் டவுன் கிளப் மாளிகையில் 'மீடியா டே' நடத்தினார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இரண்டு குழுவையும் உட்கார வைத்து, கேள்வி கேட்டு, படம் எடுத்து, கறி பஃப் கொடுத்து அனுப்பும் நாள். எங்கள் விளையாட்டுப் பக்க நிருபருக்குக் காய்ச்சல். ஆசிரியர் எனக்குப் போன் போட்டார்.

"நீ அங்கதானம்மா இருக்க. பந்து உருண்டையா இருந்தா என்ன, முட்டையா இருந்தா என்ன, போய்ட்டு வா."

போனேன். டவுன் கிளப் ஆட்டக்காரர்கள் கோட்டு போட்டு, தலை வாரி, செண்ட் மணக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முன்வரிசை மூன்று பேரையும் நிறுத்திப் படம் எடுத்து முடித்தாகிவிட்டது. நம் ஆட்கள் வரவில்லை. ஆங்கிலப் பத்திரிகை நிருபர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே உறுமல் கேட்டது. குலை நிறைந்த லோரி, வழவழவென்று வெட்டி வைத்திருந்த புல்தரையில் ஏறி, மாளிகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். அண்ணன் இறங்கினார். நெற்றி நிறைய விபூதி. பின்னால் முன்வரிசைப் பையன்கள் மூவர்: குழுத் தலைவன் மாரி, குமார், இருவருக்கும் நடுவில் ஆடுகிற பஷீர். பஷீருடைய அத்தா செலண்டாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாலு பேர் கையிலும் தட்டு. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஜிலேபி. பெண் பார்க்கப் போகிறவர்கள் வழி தவறி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். "என்னண்ணே இது?"

"மொத மொதல்ல ஒருத்தவங்க எடத்துக்கு வர்றோம். கைய வீசிக்கிட்டா வர்றது? நல்லவேள நீ வந்த. தட்டு ஒத்தப்படையில இருக்கணும். லோரி சீட்ல அஞ்சாவது தட்டு இருக்கு, அத நீ புடி."

பத்திரிகைப் பிரதிநிதியாகப் போன நான் ஆப்பிள் தட்டோடு ஊர்வலத்தில் கடைசியாக நுழைந்தேன். டவுன் கிளப் தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் வெற்றிலையையும் எடுத்துக்கொள்ளும்வரை அண்ணன் நகரவில்லை.

கேள்வி நேரம் வந்தது. ஆங்கில நிருபர், "உங்கள் ஆட்டத் திட்டம் என்ன?" என்று கேட்டார்.

"தோலாக் லா" என்றார் அண்ணன். தள்ளுவோம், அவ்வளவுதான்.

வேறு ஏதாவது திட்டம் உண்டா என்றார் நிருபர். அண்ணன் யோசித்துவிட்டு, "மறுபடியும் தோலாக்" என்றார்.

அதுவரை சிரிப்பாகத்தான் போனது. பிறகு போட்டியை நடத்திய குழுவின் செயலாளர் மைக்கைப் பிடித்தார். நம் ஆள்தான், டை கட்டியிருந்தார். புக்கிட் ரம்பாயில் உள்ள ஒரு பேக்டரி தோட்டத்துப் பையன்களுக்குப் புது ஜெர்சியும் பூட்சும் அன்பளிப்பாகத் தருகிறது, இனி இந்தக் குழு பேக்டரியின் பேரிலேயே ஆடும் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். மாரி ஒரு ஜெர்சியை எடுத்துத் தலை வழியாகப் போட்டுக்கொண்டே விட்டான். நெஞ்சில் பேக்டரி பேர் பளபளத்தது.

அண்ணன் எழுந்தார். "யார் கேட்டா இத?"

செயலாளர் மைக்கை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார். "அண்ணே, இந்த வருசத்தோட தோட்டத்தையே மூடப் போறாங்க. வீடு கட்ட வித்தாச்சு. மூடப் போற தோட்டத்துப் பேர வச்சுக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?"

"உங்க அப்பா செத்துப் போனா நீங்க இனிஷியல மாத்திக்குவீங்களா?"

அண்ணனுக்கு மைக் தேவையில்லை. மண்டபத்துக்கே கேட்டது. செயலாளர் முகம் சிவந்தது. மாரி சத்தமில்லாமல் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்தான்.

குமார் மட்டும் பூட்ஸ் பெட்டியை விடவில்லை. அவனுடைய பழைய பூட்சின் அடிப்பாகம் பெயர்ந்து, ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தது. "அண்ணே, பூட்ஸ மட்டும் வாங்கிக்கலாமா?" என்றான்.

அண்ணன் அவனைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எடுத்துக்கடா. காலு ஒன்னுது. நான் வேணாம்னு சொல்ல முடியாது. பேரு எல்லாருதும். அத நான் குடுக்க முடியாது."

செயலாளர் உடனே, தனியாகத் தருவதற்கில்லை, வாங்கினால் இரண்டும், இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றார். குமார் பெட்டியைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு மூடினான். எனக்கு அந்தச் செயலாளரை அங்கேயே நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. ஆப்பிள் தட்டு இன்னும் என் மடியில்தான் இருந்தது.

செயலாளரும் விடுகிற ஆள் இல்லை. பத்திரிகைக்காரர்களிடம் வந்து, "பேப்பரில் பேக்டரி பேரைத்தான் போட வேண்டும், எங்கள் பட்டியலில் அதுதான் இருக்கிறது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இறுதியாட்டத்துக்கு வந்தும் தோட்டத்தின் பேர் வெளியே வராமல் போய்விடும். அண்ணன் முகம் சுருங்கியதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆங்கிலப் பத்திரிகையின் போட்டோகிராபர், "தோட்டத்து ஃப்ரண்ட் ரோ, வாங்க" என்று கூப்பிட்டார். அவர் சீனர். தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. மூன்று பையன்களும் தோள் கோத்து நின்றார்கள். கேமரா கண்ணுக்குப் போனது. அண்ணன் குறுக்கே பாய்ந்து லென்சைக் கையால் மூடினார்.

"மூணு பேரா எடுக்கக் கூடாது. நடுவுல நிக்கறவனுக்கு ஆகாது."

நடுவில் நின்றது பஷீர். "எங்களுக்கு அதெல்லாம் இல்லண்ணே" என்றான்.

"ஒனக்கு இல்லடா, எனக்கு இருக்கு. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா ஒங்க அத்தாவுக்கு யாரு பதில் சொல்றது?"

ஆங்கில நிருபர் குழம்பிப் போய் என்னைக் கேட்டார்: தட்டு ஐந்து இருக்கலாம், ஆள் மூன்று இருக்கக் கூடாதா? அண்ணன் முந்திக்கொண்டார். "தட்டு ஒத்தப்படை, போட்டோ ரெட்டப்படை. இதுகூட தெரியாம எப்படிப் பேப்பர் நடத்துறாங்க?"

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். "அவரு சொல்றது சரிதான். எங்கம்மாவும் இதத்தான் சொல்லும்."

டவுன் கிளப் முன்வரிசையில் நடுவில் நின்று ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்ட வங்கி அதிகாரி கையில் கடித்த கறி பஃப்போடு அப்படியே நின்றார். பிறகு போட்டோகிராபரை ஓரமாகக் கூட்டிப் போய், அந்த ஃபிலிமை என்ன செய்யலாம் என்று கேட்டார். கடைசியில் கிளப் சமையல்காரரை நாலாவதாக நிறுத்தி இன்னொரு படம் எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இது எதிராளியைக் கலக்க அண்ணன் போட்ட திட்டம் என்று டவுனில் ரொம்ப நாள் பேசினார்கள். வதந்தி. சாவு விஷயத்தில் விளையாடுகிற ஆள் இல்லை அவர்.

நம் பையன்களுக்கு நாலாவது ஆள் யார்? "நீங்களே நில்லுங்க அண்ணே" என்றார் போட்டோகிராபர்.

"நான் வெளயாடறவன் இல்ல. எம் மூஞ்சி எதுக்கு?"

அப்போ இந்தத் தங்கச்சி என்று என்னைக் காட்டினார்.

"அது பேப்பர். பேப்பர்ல பேப்பர் வரக்கூடாது."

சொல்லிக்கொண்டே அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே லோரி நின்றது. அதன் கதவில் தோட்டத்தின் பேர் பெரிசாக இருந்தது. மேலே மலாய்க்கு எழுதுகிற ரூமி எழுத்தில், கீழே தமிழில். தமிழ் எழுத்து அண்ணன் தாமாக எழுதியது. அழி என்றார் மானேஜர். அண்ணன் அதற்கு இரண்டாவது கோட் பெயிண்ட் அடித்தார். சுருங்கியிருந்த முகம் விரிந்ததை நான் பார்த்தேன்.

"நாலாவது ஆளு வெளிய நிக்குது. வாங்கடா."

லோரி எப்படி ஆளாகும் என்று செயலாளர் ஓடிவந்து மறித்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆயுத பூசைக்கு மால போடறோம். பொட்டு வெக்கறோம். எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிக் கண்ணு கழிக்கறோம். ஆளு இல்லாததுக்கு யாராச்சும் கண்ணு கழிப்பாங்களா?" என்றார் அண்ணன்.

அந்தச் செயலாளர் வீட்டுக் காருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள்தானே. பையன்கள் பழைய ஜெர்சியில் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பேர் மறையாமல் அண்ணன் பஷீரைக் கொஞ்சம் குனிய வைத்தார். படம் எடுத்தாகிவிட்டது.

கிளம்பும்போது வழக்கம்போல லோரி கிளம்பவில்லை. பாரத்தோடு மூன்று பேரால் தள்ள முடியவில்லை. அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி டவுன் கிளப் ஆட்டக்காரர்களைப் பார்த்து, "என்னா வேடிக்க? தோலாக் லா" என்று அதட்டினார். கோட்டு போட்ட வக்கீல்களும் வாத்தியார்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வந்து தள்ளினார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் ஃபேக்சில் செய்தியை அனுப்பினேன். படத்தின் பிரதியைப் போட்டோகிராபர் கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்திருந்தார். ஆசிரியர் போனில் வந்தார்.

"அந்தச் செயலாளர் பேசினாரும்மா. பேக்டரி பேரத்தான் போடணுமாம். மாத்திடவா?"

"மாத்துங்க சார். மேல லோரிக் கதவுல ஒரு பேரு இருக்கும், கீழ நாம வேற பேரு போட்டிருப்போம். சிரிக்கறவங்க நம்மளத்தான் பாத்துச் சிரிப்பாங்க."

"கதவ வெட்டிட்டுப் போடலாம்ல?"

"வெட்டுனா மூணு பேருதான் மிஞ்சுவாங்க. பஷீரோட அத்தாவுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

ஆசிரியர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். இனி எனக்குக் கோயில் திருவிழா போதும் என்றும் சொன்னார். ஆனால் படமும் பேரும் முழுசாக வந்தன. ஆங்கிலப் பேப்பரிலும் கதவு முழுசாக வந்தது. அவர்கள் படத்துக்குக் கீழே பேக்டரி பேரைப் போட்டு, தாங்களே சிரிப்பை வாங்கிக்கொண்டார்கள்.

இறுதியாட்டத்தன்று டவுன் திடலுக்குத் தோட்டமே லோரி ஏறி வந்திருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் டவுன் கிளப்பை அழைத்தார். அவர்கள் ஓடிவந்தார்கள். அடுத்து பேக்டரியின் பேரைச் சொல்லி அழைத்தார். யாரும் வரவில்லை. மறுபடியும் அழைத்தார். நம் பையன்கள் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள், தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. பெரட்டில் தன் பேர் கூப்பிட்டால்தான் பதில் கொடுப்பார்கள், அடுத்தவன் பேருக்குக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் லோரிப் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "கூப்புடறது கேக்கலையா?"

"யாரையோ கூப்புடறாங்க. வந்தா வெளயாடிட்டுப் போகட்டும்."

"நடுவர் கடிகாரத்தப் பாக்கறாரு. வராட்டி தோத்ததா எழுதிடுவாங்க."

"யாரு தோத்ததா எழுதுவீங்க? அந்தப் பேரத்தான எழுதணும். எழுதிக்குங்க."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். பீடி அணைந்துபோனதுகூடத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் லோரி தள்ளிய பையன்கள் ஒரு நிமிஷம்கூட ஆடாமல் திரும்பிப் போக வேண்டிவந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? குமார் அவரைப் பார்த்தான். ராஃபியா கயிற்றைக் குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, நிமிர்ந்து பழையபடி நின்றான். ஒருவனும் அசையவில்லை.

டவுன் கிளப் தலைவர்தான் முதலில் அசைந்தார். தட்டை வாங்கிக்கொண்ட அதே மனிதர். நேராக அறிவிப்பாளரிடம் போய், மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து, படத்தில் லோரிக் கதவின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அறிவிப்பாளர் செயலாளரைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் பேரைச் சொன்னார். டவுன் திடலில், ஒலிபெருக்கியில், ஊருக்கே கேட்க. பையன்கள் ஓடினார்கள். தோட்டத்துச் சனம் போட்ட சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

ஆட்டத்தில் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள், வேறு திட்டம் எதுவும் இல்லாததால் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

முடிந்ததும் அண்ணனிடம் போனேன். செய்தியில் போட அவருடைய பேரைக் கேட்டேன். குலை லோரி அண்ணன் என்று பேப்பரில் போட முடியுமா?

"எம் பேரு எதுக்கு? எடம் அடைக்கும். அந்த எடத்துல தோட்டத்துப் பேர இன்னும் ரெண்டு தடவ போடு."

"பயிற்றுநர் பேரு போடணும்ண்ணே. அதுதான் முறை."

"போட்டேன்னு வையி, ஆபீசுக்கு வந்து சண்ட போடுவேன்."

போடவில்லை. சொன்னபடியே அந்த வருடக் கடைசியில் தோட்டத்தை மூடினார்கள். அண்ணன் கொஞ்ச காலம் மணல் லோரி ஓட்டினார். தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்புக்கு வைத்த புதுப் பேரைச் சொல்ல மாட்டேன் என்று தபால்காரரோடு சண்டை போட்டார், தண்ணீர் பில் கொண்டு வந்தவரோடு போட்டார். போன வருடம் மாரிதான் போன் செய்து, அண்ணன் போய்விட்டார் என்று சொன்னான்.

அவருடைய பேர் எனக்குத் தெரியும். ஆட்டத்தன்றே பஷீரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தப் பத்தியில் இடத்துக்கும் பஞ்சமில்லை. போட்டால் சண்டைக்கு வந்துவிடுவார் என்றால், தலைப்பிலேயே போட்டிருப்பேன்.